உங்கப்பாவின் மஞ்சள் பூட்ஸ்

என் அன்புப் பட்டாணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உங்கப்பா சுகம், அவருடைய வலது குதிகாலில் ஒரு கொப்புளம், அதுவும் இப்போது சுகமாகி வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் உங்கள் மாடு கன்றுகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும், யாருக்கும் கொப்புளம் மட்டும் வேண்டாம். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் போன் வந்தால் உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாரே, நான் உன்னிடம் தனியாகத் தும்மக்கூட முடியவில்லை. அதனால் அவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, துணி வெட்டும் மேஜையிலேயே உட்கார்ந்து, அளவு வெட்டும் பிரவுன் தாளில் எழுதுகிறேன். தாளின் ஓரமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறதே, அழுதுகொண்டே எழுதியிருக்கிறாளோ என்று பயந்துவிடாதே. அது நனைந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வாரம் உங்கப்பா பால்காரருக்குக் கதவு திறக்கப் போன சமயத்தில், எப்போ வர்றீங்கன்னு கேட்டாலே அப்பா வேலை இருக்குன்னு சொல்றாரே, அவருக்கு இன்னும் என் மேல கோபமா அம்மா என்று மெதுவாகக் கேட்டாயே, உன் குரல் அப்படியே என் காதில் நிற்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பால் பாத்திரத்தோடு வந்து நின்றுவிட்டார். நான் ஆமா ஆமா, துணியெல்லாம் நல்லா வெளுத்திருக்கு என்று என்னத்தையோ உளறி வைத்துவிட்டேன். நீ கேட்டது என்ன, நான் சொன்னது என்ன. அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாங்க் வேலையை விட்டுவிட்டு மாட்டுப் பண்ணைக்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, படிச்சுட்டு சாணி அள்ளவா போறே என்று அவர் கத்தியது உண்மைதான். ஆனால் அந்தக் கோபம் உன் கல்யாணச் சாப்பாட்டுப் பந்தியிலேயே கரைந்துவிட்டது, இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனுஷனுக்கு என்ன கோபம் இருக்க முடியும். இப்போது அவருக்கு இருப்பது கோபமே இல்லை கண்ணு. உங்கள் வாசலில் இருக்கும் சேறுதான் காரணம். இதை எனக்கே அவர் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்த விதத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

நாங்கள் முதல் தடவை உங்கள் வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா. சம்பந்தி வீடு என்று பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு, மடிப்புக் கலையாத பேண்ட்டோடு வந்து இறங்கினார். கேட்டைத் திறந்து ஒரு அடிதான் வைத்தார், முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அந்தக் காலை எடுக்க இந்தக் காலை ஊன்றினார், அதுவும் போய்விட்டது. அப்புறம் மெதுவாக, ஏதோ யோசித்து முடிவெடுத்தவர் மாதிரி, பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை பாவம், நல்ல எண்ணத்தில்தான், மாட்டுத் தீவனம் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைக் கொண்டுவந்து அவரை அதில் ஏற்றி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் எல்லாம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன, தீவனம் வருகிறது என்று நினைத்து ஒன்றிரண்டு கூடவே நடந்தும் வந்தன. நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய், நானும்தான் சிரித்தேன், அவரும் வண்டியில் உட்கார்ந்தபடி சிரித்தார். ஒரு ஷூ இன்னும் உங்கள் கேட்டுக்குக் கீழே எங்கோ இருக்கிறது. ஊர் திரும்பியதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மறந்துவிட்டார் என்றுதான் இருந்தேன். அதற்கப்புறம்தான் இந்த வேலை இருக்கு, வேலை இருக்கு.

போன மாதம் ஒரு காலையில் குளிக்கப் போனேன். பாத்ரூம் மூலையில் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கறுப்புக் கால்கள் நிற்கின்றன, மேலே ஆளைக் காணோம். நான் போட்ட கத்தலில் மாடி வீட்டு டிரில் மாஸ்டர் விசிலோடு இறங்கி வந்துவிட்டார். பார்த்தால் ரப்பர் பூட்ஸ். இரண்டிலும் கிட்டத்தட்ட விளிம்பு வரை தண்ணீர், உள்ளே நான் துணியில் குறி போடும் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்கப்பா தொட்டி கட்டுகிறவர் இல்லையா, எந்தத் தொட்டியாக இருந்தாலும் தண்ணீரை நிரப்பிக் கோடு போட்டு விடிந்ததும் பார்த்து, கோடு இறங்காமல் இருந்தால்தான் நம்புவார். வீட்டுக்கு வாளி வந்தாலும் அப்படித்தான், ஃபிளாஸ்க் வந்தாலும் அப்படித்தான், உன்னைக் குளிப்பாட்ட வாங்கிய டப்புக்கும் அதே பரீட்சைதான் நடந்தது. பூட்ஸ் எதுக்கு என்று கேட்டால் சைட்டுக்கு என்றார். இத்தனை வருஷமாக சிமெண்ட்டிலும் சேற்றிலும் ரப்பர் செருப்போடு நிற்கிறவருக்கு திடீரென்று சைட்டுக்குப் பூட்ஸாம், என் காதில் பூ சுற்றுகிறார். சரி, காலை விட்டுப் பார்த்தீங்களா, அளவு சரியா இருக்கா என்று கேட்டேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலை விட்டே பார்க்கவில்லை. கடையில் தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, வாங்கிக்கொண்டு வந்து தண்ணீரும் நிரப்பிவிட்டார். அதற்குள் ஒரு கால் போக வேண்டும் என்ற விஷயம் மட்டும் அவர் மூளையில் ஏறவே இல்லை.

இதில் இன்னொரு கூத்து, இரண்டு பூட்ஸிலும் கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கட்டை தண்ணீர் இறங்கியிருந்தது. ஒழுகுது, ஏமாத்திட்டான் என்று குதித்தார். தண்ணியைக் கொட்டிட்டுக் கொண்டுபோங்க என்றேன், சாட்சியை யாராவது கொட்டுவாங்களா என்று கேட்டார். அப்படியே பஸ்ஸில் ஏறினோம் பட்டாணி. ஆளுக்கு ஒரு பூட்ஸ், மடியில், தளும்பத் தளும்ப. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் இதில் மீன் இருக்கா என்று எட்டிப் பார்க்கிறாள். ஒரு திருப்பத்தில் டிரைவர் பிரேக் போட்டார், சாட்சியில் பாதி முன் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கழுத்துக்குள் போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்து, இரண்டு பேர் பூட்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், ஏதோ பெரிய கஷ்டத்தில் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேப்பரைப் பிரித்தார்.

செருப்புக் கடைக்காரர் நல்ல மனுஷர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பூட்ஸையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சார், இது தண்ணிக்குள்ள நடக்கிறதுக்கு, தண்ணி பிடிச்சு வைக்கிறதுக்கு இல்ல என்றார். உள்ளே இருக்கறது வெளியே வரலைன்னாத்தானே வெளியே இருக்கறது உள்ளே வராது என்று உங்கப்பா கணக்குச் சொன்னார். நான் குறுக்கே புகுந்து உள்ளே கையை விட்டு லைனிங் துணியைப் பிழிந்தேன், தாரையாகத் தண்ணீர் கொட்டியது. பஞ்சுத் துணி லைனிங் கொடுத்தால் அது தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும். கோடு இறங்கியது அங்கேதான், ஓட்டையும் இல்லை ஒழுகலும் இல்லை. உங்கப்பாவுக்கு அசடு வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டு சரி, காலை விட்டுப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். பாதம் போயிற்று, கெண்டைக்காலுக்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. ஏணி ஏறி ஏறி அவருக்குக் கெண்டைக்கால் தூண் மாதிரி ஆகிவிட்டதே. ஒரு சைஸ் பெரிசு எடுத்துக் கொடுத்தார்கள். அது உள்ளே போய்விட்டது, வெளியே வர மறுத்தது. நான் பின்னாலிருந்து அவர் அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொள்ள, கடைக்காரர் முன்னாலிருந்து குதிகாலைப் பிடித்து இழுக்க, இவர் மெதுவா, மெதுவா என்று இரண்டு பேரையும் மிரட்ட, திடீரென்று கழன்று வந்தது. கடைக்காரர் அட்டைப்பெட்டி அடுக்குக்குள் போய் விழுந்து, பூட்ஸைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

அதற்கப்புறம்தான் விஷயத்தை நான் கையிலெடுத்தேன். உடுப்புத் தைக்கிறவள் இருக்கும்போது அளவெடுக்காமல் ஒரு பொருள் வாங்கலாமா. பையிலிருந்து டேப்பை எடுத்து கெண்டைக்கால் சுற்றளவு எடுத்தேன், பாதம் இரண்டும் தனித்தனியாக எடுத்தேன், வலது கால் இடதைவிடக் கொஞ்சம் நீளம், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி எனக்கே இது தெரியாது. கடைக்காரரும் எழுந்து வந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பாடம் எடுத்தார். உனக்கும் உபயோகப்படும், கேட்டுக்கொள். தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் போட்டுப் பார்க்க வேண்டும், பெரிய காலுக்குத்தான் சைஸ் எடுக்க வேண்டும், விரலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பிவிடும். அடியில் பல் நன்றாக ஆழமாக இருக்க வேண்டும், பல்லுக்கு நடுவில் இடைவெளியும் வேண்டும், நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு வழுக்கும். முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்தி, கெண்டைக்காலுக்கும் ஏறி, பக்கத்தில் வார் வைத்துத் தளர்த்துகிற மாதிரி கடை முழுக்க ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. கடைக்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே தயங்கினார். மஞ்சள், பட்டாணி. சாதா மஞ்சள் இல்லை, ரோடு போடுகிற இடத்தில் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று பலகை வைப்பார்களே, அந்த மஞ்சள்.

உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. நான் ஆசையாகத் தைத்துக் கொடுத்த சட்டையில் மெல்லிசாக ஒரு கோடு இருந்தது என்பதற்காக அதை ஒரு தடவைகூடப் போடாதவர். பத்து பேர் பார்க்கும்படி எதையும் உடம்பில் மாட்ட மாட்டார். நான் சரி, வேற கடை பார்ப்போம் என்று எழுந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் பூட்ஸின் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கட்டிக் கொடுங்க என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது சைட்டுக்கு வாங்குகிற பூட்ஸ் இல்லை என்று.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார், அவ வீட்டுக்குப் போகணும்னு எனக்கு இல்லையா, தினமும் இருக்கு, ஆனா மறுபடியும் அந்த வண்டியில ஏத்தித் தள்ளிட்டுப் போனா நான் எங்கே மூஞ்சியை வச்சுக்கிறது, விழுந்தா நான் தூக்கி விட்டுத்தான் அவளுக்குப் பழக்கம், என்னைத் தீவன மூட்டை மாதிரி அவ பார்த்துட்டா. இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, சாயங்காலம் ஆச்சுன்னா ரெண்டு பேரும் வயல் பக்கம் நடக்கப் போறாங்களாமே, நானும் கூட நடக்கணும் என்று முணுமுணுத்தார். நீ போனில் உங்கள் சாயங்கால நடையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் சத்தமே இல்லாமல் இருப்பாரே, காது கொடுத்துக் கேட்காமல் இல்லை, ஒவ்வொரு வரப்பும் அவருக்குத் தெரிகிறது. எனக்கு அந்த பஸ்ஸிலேயே அழுகை வந்துவிட்டது. மடியில் ஒரு நனைந்த கறுப்பு ஜோடி, ஒரு மஞ்சள் ஜோடி, இதில் அழுகை வேறு, பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

மஞ்சள் ஜோடிக்குத் தண்ணீர் பரீட்சை வைக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் காலில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நில்லுங்கள் என்றேன். நின்றாரே. துணி ஊறவைக்கும் டப்பில் தண்ணீர் நிரப்பி, கூடத்து நடுவில், முழுப் பேப்பரையும் வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடிக்கும் வரை நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் பேண்ட் அளவு கொடுக்க வந்த தபால்காரர் உள்ளே நுழைய வேண்டுமா. நானாக ஒரு காரணம் சொல்வதற்குள் அவர், ரத்தக் கொதிப்பா சார், எங்க மாமாவும் இப்படித்தான் நிப்பார் என்று சொல்லிவிட்டு அளவு கொடுத்துவிட்டுப் போனார். சாக்ஸ் காய்ந்தே இருந்தது, உங்கப்பா முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது.

இப்போது தினமும் பயிற்சி நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறதே, அதில் ஹோஸ் பைப்பை விட்டு, மண்ணைக் கொத்தி, சேறு தயார் செய்திருக்கிறார். கலவை போடுகிற கை அல்லவா, சேறு நயமாக வந்திருக்கிறது. டிரில் மாஸ்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எருமை வாங்கப் போறீங்களா சார் என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம், ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கும் அதட்ட ஆள் கிடைக்கவில்லை பாவம். விசிலை ஊதி லெஃப்ட் ரைட் சொல்கிறார். முதல் நாள் உங்கப்பா லெஃப்டுக்கு லெஃப்டை எடுத்தார், பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்து, சாக்ஸோடு அந்தரத்தில் நிற்கிறார், மாஸ்டர் அபவுட் டர்ன் என்கிறார். ஒற்றைக் காலில் எப்படித் திரும்புவது, விழுந்தார். மறுநாளும் விழுந்தார். ஆனால் ஒரு நாளும் விடவில்லை. குதிகாலை முதலில் தூக்கி, அடியைச் சின்னதாக வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி நடக்க வேண்டும் என்று அவராகவே கண்டுபிடித்துவிட்டார். இப்போது ஒரு கையில் டீ டம்ளரோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறார், ஒரு சொட்டு சிந்துவதில்லை. நனைந்த பூட்ஸுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணித்தால் சீக்கிரம் காயும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார், இவர் என் வெட்டுத் தாள்களை எடுத்துத் திணித்துவிட்டார். ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸம்மா தைக்கக் கொடுத்த கவுனுக்கு நான் வெட்டிய தாளில் கை இரண்டும் வலது பூட்ஸிலிருந்துதான் கிடைத்தன. நீ படிப்பது அந்தக் கவுனின் முதுகு. கறுப்பு ஜோடி வீணாகவில்லை, வாசலில் நிறுத்தி அதற்குள் குடை வைத்திருக்கிறேன்.

நீயும் உன் பழைய பூட்ஸ் மடிப்பில் வெடித்துவிட்டது என்று சொன்னாயே, அதைப் போட்டுக்கொண்டு ஈர சாக்ஸோடு நாள் முழுக்க நிற்காதே, புதிசு வாங்கிக்கொள், காலை விட்டுப் பார்த்து வாங்கு. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்காதே, ரப்பர் விரிந்துவிடும். வேளைக்குச் சாப்பிடு, கன்றுக்குட்டிக்கு புட்டியில் பால் கொடுக்கிற பொறுமையில் பாதியாவது உன் வயிற்றுக்குக் காட்டு.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொள். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவர், ஒரு வேலை தள்ளிப் போயிடுச்சு, சும்மாதான் இருக்கோம், வேணும்னா வர்றோம் என்று சொல்லுவார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, உனக்கு ஒன்றும் தெரியாது. பூட்ஸ் என்ற பேச்சையே எடுக்காதே, நாங்கள் வந்து இறங்கும்போது அவர் காலைப் பார்த்து முகத்தில் ஒன்றும் காட்டாதே, கஷ்டம்தான், தூரத்திலிருந்தே தெரியும். அந்த ஒற்றைச் சக்கர வண்டியை மாப்பிள்ளை எங்கேயாவது கண்காணாத இடத்தில் ஒளித்து வைக்கட்டும், ஏன் என்று மாப்பிள்ளைக்கு அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம். கேட்டுக்கு முன்னால் கல்லைக் கில்லைப் போட்டு வழி செய்துவிடாதீர்கள், நல்ல எண்ணத்தில் செய்வீர்கள், எங்கள் ஒரு மாத உழைப்பு வீணாகிவிடும். சேறு இருந்தபடி இருக்கட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அம்மாவுக்காகச் செய். அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து ஒழுங்காக நின்ற பிறகு, நீ எதிரே ஓடி வா, வந்து வழுக்கி விழு. வேண்டுமென்றே விழுந்த மாதிரி தெரியக் கூடாது. உன் கூட ஓடி வருகிறவர்கள் யாரும் கை கொடுக்கக் கூடாது, மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை. உங்கப்பாவே வந்து தூக்கி விடட்டும்.

நீங்கள் இரண்டு பேரும் எல்லாச் செல்வமும் பெற்று, நோய் நொடி இல்லாமல், காலும் சாக்ஸும் ஈரமாகாமல் நூறு வயசு இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். கடிதத்தைப் படித்ததும் மாட்டுக்குப் போட்டுவிடு, உங்கப்பா கண்ணில் பட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறந்துவிட்டேனே, விழும்போது மெத்தென்று சேறு இருக்கிற இடமாகப் பார்த்து விழு, பழைய உடுப்பு போட்டுக்கொள். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள், அவர் உன்னை முழுசாகத் தூக்கி நிறுத்தும் வரைக்கும்தான். அதற்கப்புறம் சிரி. அவரும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.